தாத்தாப் பாறைக்குக் கண் வரையலாமா?
கல்லில் மனிதரைக் கண்ட நம் வட்டார வரலாறு



மே மாதம் நம் சங்கம் நடத்திய கோடை முகாமில் பிள்ளைகள் கூழாங்கற்களில் மனித உருவங்கள் வரைந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நர்சரியில் வாங்கி வந்த ஒரு மூட்டைக் கல்தான். நீளக் கல் பால்காரர் ஆனது. குட்டை உருண்டைக் கல் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஆனது. ஒரு பக்கம் புடைத்திருந்த கல்லை ஒரு சிறுமி இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அம்மாவாக மாற்றிவிட்டாள். அந்தக் கற்கள் இப்போதும் சங்க அலுவலக ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன.

அந்த உற்சாகத்தில் ஒரு யோசனை வந்து, அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலிலும் ஏறிவிட்டது. ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் பெரிய பாறையைப் பிள்ளைகள் "தாத்தாப் பாறை" என்று சொல்வார்கள். மேற்கே நின்று பார்த்தால் முண்டாசு கட்டிய கிழவரின் பக்கவாட்டு முகம் போலவே தெரியும். அதற்கு எனாமல் பெயிண்டால் கண், மீசை, முண்டாசு எல்லாம் வரைந்து, கீழே நம் நகரின் பெயரையும் எழுதலாம் என்பது யோசனை. பெயிண்ட் செலவை ஏற்கவும் உறுப்பினர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஓய்வுக்குப் பிறகு நம் மாவட்டத்துக் குன்றுகளையும் குடைவரைகளையும் சுற்றிப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. இயற்கையாகக் கிடந்த கல்லில் மனிதரைக் காண்பதும், அதற்கு வண்ணம் பூசுவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. முன்பு அதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு, பிறகு முடிவெடுப்போம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கல் எப்படி உருண்டையானது?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் உருண்டைப் பாறைகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றை யாரும் உருட்டிக்கொண்டு வந்து வைக்கவில்லை. பெரும்பாறையில் இயற்கையாகவே குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் இருக்கும். மழைநீர் அதில் இறங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் அரிக்கும். கட்டியாகப் பிரிந்த பாறையில் மூலைகளை நீர் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்குவதால் அவைதான் முதலில் கரையும். பிறகு வெங்காயத் தோல் உரிவது போல மேற்புறம் ஏடு ஏடாகக் கழலும். மிஞ்சுவது உருண்டை. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் பொறுத்து ஒன்று யானை போலவும், ஒன்று தவளை போலவும், இன்னொன்று நம் தாத்தாவைப் போலவும் நமக்குத் தெரிகிறது.

முகம் இல்லாத கற்கள்

இறந்த மனிதருக்காகக் கல் வைக்கும் வழக்கம் நம் பகுதியில் மிகப் பழையது. மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ளன. புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய கற்களை வட்டமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு முகமும் கிடையாது, உருவமும் கிடையாது. கிடைத்த கல்லைக் கிடைத்தபடியே நிறுத்தி வைத்தார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் கல்வட்டத்துக்குள் ஒரு பெரிய பலகைக்கல் நிற்கிறது. மேலே வளைவு, இரு பக்கமும் தோள் போன்ற விரிவு, அவ்வளவுதான். கண், மூக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் ஆள் நிற்கிறது என்று தோன்றும். ஊரார் அதைத் தாய்த் தெய்வம் என்கிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் உள்ள கீழ்வாலையில் பாறையின் மீதே செங்காவியால் மனித உருவங்களை வரைந்திருக்கிறார்கள். கைகோத்து நிற்கும் ஆட்களை இன்றும் அடையாளம் காணலாம். வெயிலும் மழையும் நேராக விழாத மறைவான முகப்பைத் தேர்ந்தெடுத்து வரைந்ததால்தான் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதல் படியே "காட்சி"

அடுத்து நடுகல். போரிலோ, ஆநிரை மீட்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு எடுப்பது. அதற்கான சடங்குகளைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. முதலாவதான காட்சி என்பது தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. அதைக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கல்லைப் பார்ப்பதையே ஒரு தனிச் சடங்காக வைத்திருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை. பல்லவர் காலத்து நடுகற்களில் வீரன் வில்லும் வாளுமாக முழு ஆளாக நிற்கிறான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது நாயின் பெயர். கள்வர் இருவரை அது கடித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. அரசனுக்கும் கடவுளுக்கும் மட்டும் கல்லில் இடம் என்று இருந்திருந்தால் அந்த வீரனும் நாயும் நமக்குத் தெரிந்திருக்க மாட்டார்கள்.

மகேந்திரவர்மனும் நம் வல்லமும்

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை வெட்டினான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்தேன் என்று அங்கே வடமொழியில் எழுதி வைத்திருக்கிறான். அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று சித்திரகாரப் புலி. சிற்பத்தோடு ஓவியத்திலும் பெயர் வாங்கியவன் என்பதற்கு அதுவே சாட்சி.

மாமண்டூர் குடைவரைக் கல்வெட்டு ஒன்றில் "தட்சிணசித்ரம்" என்ற சொல் வருகிறது. (இது காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள மாமண்டூர். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து டீ குடிக்க நிற்கும் நம் மாமண்டூர் வேறு.) கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் பெயரும் இதை ஒட்டியதுதான்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குச் செங்கல்பட்டை ஒட்டியே வல்லம் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் சாலையில் சில கிலோமீட்டர்தான். அங்குள்ள குன்றில் குடைவரைகள் உள்ளன. மகேந்திரப் போத்தரசரின் அடியாரான வயந்தப்பிரிய அரசரின் மகன் கந்தசேனன் இதைச் செய்வித்தான் என்று தமிழிலேயே கல்வெட்டு இருக்கிறது. வாயில் காவலர் இருவரும், வெளியே பிள்ளையாரும் சேட்டைத் தேவியும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறார்கள்.

பாறை சொன்னபடி சிற்பி

மாமல்லபுரம் நாம் எல்லோரும் பலமுறை போன இடம். விருந்தினர் வந்தால் கூட்டிப் போவதும் அங்கேதான். அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சிற்பி பாறையோடு சண்டை போடவில்லை.

அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லும் பெருஞ்சிற்பத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடுகிறது. அது இயற்கையானது. வேறு ஒருவர் என்றால் பாறையில் குறை இருக்கிறது என்று விட்டுவிட்டுப் போயிருப்பார். பல்லவச் சிற்பி அந்தப் பிளவையே கங்கை ஆக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, இரு கரையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை அந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட்டான். ஆற்றங்கரையில் ஒருவர் துணி பிழிகிறார், ஒருவர் தண்ணீர்க் குடம் சுமக்கிறார்.

ஐந்து ரதங்களில் நான்கு ஒரே பாறைத் தொடரிலிருந்து வந்தவை. பாறை தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்ந்திருந்தது. அதனால் தெற்கே தருமராஜ ரதம் உயரமாகவும், வடக்கே திரௌபதி ரதம் குடிசை அளவிலும் அமைந்தன. பக்கத்தில் தனியாகக் கிடந்த கற்கள் யானையும் சிங்கமும் காளையும் ஆயின.

மனித உருவங்களுக்கு எனக்குப் பிடித்த இடம் கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் பின்னாளில் கட்டியது. பின்சுவர் முழுக்கப் பாறைச் சிற்பம். கண்ணன் மலையைத் தூக்கிப் பிடித்திருக்க, கீழே ஆயர்பாடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் மாட்டில் பால் கறக்கிறார், மாடு கன்றை நக்குகிறது. ஒரு பெண் பால்பானைகளைச் சுமந்து போகிறாள். ஒருவர் பிள்ளையைத் தோளில் ஏற்றியிருக்கிறார். நம் முகாமில் பிள்ளைகள் கூழாங்கல்லில் வரைந்ததும் இதே ஆட்களைத்தான்!

ஆதிவராகர் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரசர் உருவங்கள் தம் தேவியரோடு இருக்கின்றன.

செதுக்காமல் விட்ட கல்லும் அங்கே உண்டு. வானிறைக்கல் என்றும், கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டை என்றும் சொல்லும் அந்தப் பாறை ஏறக்குறைய 250 டன் என்கிறார்கள். வெள்ளையர் காலத்தில் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் நகரவில்லை என்று ஒரு கதையும் வழங்குகிறது. இத்தனை சிற்பிகள் கூடியிருந்த ஊரில் அந்தக் கல்லை உருண்டையாகவே விட்டுவிட்டார்கள். இன்று வருகிறவர்கள் அதிகமாகப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.

வண்ணம் எங்கே போனது?

இன்று மாமல்லபுரம் சாம்பல் நிறக் கல்லாக நிற்பதைப் பார்த்து, அப்படித்தான் செய்து வைத்தார்கள் என்று நினைக்கிறோம். கிரேக்கச் சிலைகள் வெள்ளைப் பளிங்கு என்றே உலகம் நெடுநாள் நினைத்திருந்தது. அவற்றிலும் வண்ணம் பூசியிருந்தார்கள், காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் கதையும் ஏறக்குறைய அதுவே. பல்லவச் சிற்பங்களின் மேல் மெல்லிய சுதை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டிய தடயங்களை அறிஞர்கள் குறித்திருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் கட்டியது. சுற்று மதிலை ஒட்டி ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சன்னதிகள். பிற்காலத்தில் பூசிய வெள்ளைக்குக் கீழே பல்லவர் ஓவியம் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். ஒரு சன்னதியில் சோமாஸ்கந்தர் ஓவியத்தின் பகுதிகள் இன்றும் தெரியும். அதே அரசன் கட்டிய பனமலைக் கோயிலில் குடைக்குக் கீழே நிற்கும் பார்வதியின் ஓவியம் எஞ்சியிருக்கிறது.

அந்தக் கால வண்ணங்கள் எல்லாம் மண்ணிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்தவை: செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி, சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சின் மேல் அவற்றைத் தீட்டினார்கள். கல்லுக்கு மூச்சு முட்டவில்லை. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருந்தது. பூச்சு உதிர்ந்தபோது கல் முழுசாக நின்றது. எனாமல் அப்படி இல்லை. ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், உரியும்போது கல்லின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். பழைய கோயில்களில் தூண்களுக்கு அடித்த எனாமலை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கிப்போன கதைகள் உண்டு.

வேப்பமரத்தடிக் கல்

வண்ணத்தால் கல் ஆளாகும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறது. வேப்ப மரத்தடியில் செதுக்காத ஏழு கற்களை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தால் அவை ஏழு கன்னிமார். வெறும் கல்லில் வெள்ளிக் கண்மலர் இரண்டை ஒட்டிவிட்டால் அம்மன் நம்மைப் பார்க்கிறாள். சிற்பிகளும் சிலையின் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். அதற்கென்றே சடங்கும் உண்டு. மாசி மகத்தன்று இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவதையும், திருமணங்கள் நடத்துவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடற்கரை மணலே சன்னதி ஆகிறது. மஞ்சளும் குங்குமமும் அடுத்த மழையில் கரைந்துவிடும், அடுத்த ஆண்டு மறுபடி பூசுவார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கல்லில் பெயர் எழுதுவது

நம் நகரின் பெயரைப் பாறையில் எழுதும் யோசனைக்கு வருகிறேன். இதுவும் பழைய வியாதிதான். திருக்கழுக்குன்றம் மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினம் கோட்டையிலிருந்து வந்தவர்கள். இன்று அந்தக் கீறலையும் வரலாறு என்று படிக்கிறோம். ஆனால் அவர்களைப் பார்த்து நாமும் தொடங்கினால் படிப்பதற்குப் பல்லவர் காலத்தது எதுவும் மிஞ்சாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2010இல் திருத்தப்பட்ட தண்டனை இது.

நம் பாறை பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சாளுவன்குப்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2004 டிசம்பர் சுனாமி கரை மணலை அரித்துக்கொண்டு போனபோது அங்கே ஒரு பாறையில் எழுத்துகள் வெளியே தெரிந்தன. படித்தால், ஒரு முருகன் கோயிலைப் பற்றிய கல்வெட்டு. அந்தத் தடயத்தை வைத்து 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. மணலுக்கு அடியில் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. அதுவரை அது எத்தனையோ பேர் கடந்துபோன ஒரு சாதாரணப் பாறை. அதற்கு முந்தைய ஆண்டு யாராவது அதன்மேல் இரண்டு கோட் எனாமல் அடித்திருந்தால்?

தாத்தாப் பாறைக்கு என்ன செய்யலாம்?

சென்ற மாதம் இரண்டு நாள் காலையில் தாத்தாப் பாறையைச் சுற்றிப் பார்த்தேன். வடக்குப் பக்கம், புதர் மூடிய அடிப்பகுதியில், வரிசையாக ஐந்து குழிகள் இருக்கின்றன. கல் பிளக்க உளியால் போடும் ஆப்புக் குழிகள் போலத் தெரிகிறது. ஐம்பது வருடத்துக்கு முன் கல்லுடைத்தவர்கள் போட்டதாகவும் இருக்கலாம், மிகப் பழையதாகவும் இருக்கலாம். அதைச் சொல்லத் தகுதியானவர்கள் துறையில் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்த இடம் ஏரிப் புறம்போக்கு. நம் சங்கத்தின் சொத்து இல்லை. அனுமதி இல்லாமல் பெயிண்ட் அடித்தால் நாளை கேள்வி வரும்.

வங்கியில் ஒரு காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்தைப் பார்க்காமல் பணம் தரமாட்டோம். கல்லுக்கும் அதே பழக்கத்தை வைத்துக்கொள்வோம். முதலில் காட்சி. பிறகுதான் மற்றது.

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் யோசனைகள் இவை:

1. தாத்தாப் பாறையில் எனாமல் வேண்டாம், பெயரும் வேண்டாம். சுற்றியுள்ள புதரை மட்டும் கையால் அகற்றி, பாறையை நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுவோம். கடிதத்தை நானே தயார் செய்து தருகிறேன்.

2. பிள்ளைகள் வரையட்டும், நிறைய வரையட்டும். அதற்குப் பூங்காவின் உட்புற மதில் காலியாக இருக்கிறது. கூழாங்கல் முகாமை ஆண்டுதோறும் நடத்துவோம். அடுத்த முறை கடை வண்ணத்தோடு காவி, மஞ்சள், கரி, சுண்ணாம்பு ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்கலாம்.

3. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஆசிரியரையோ மாணவரையோ அழைத்து, கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்வோம். மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தொழில் நம் பக்கத்து ஊரில் இன்னும் நடக்கிறது என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

4. பாறைக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், மண்ணில் ஒரு சிறு பலகை நடலாம். "மேற்கே நின்று பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் போதும். மாலை நாலரை மணி வெயிலில் முண்டாசும் மூக்கும் நன்றாகவே தெரிகின்றன.

பெயிண்ட் செலவை ஏற்க முன்வந்தவர்கள் அந்தத் தொகையை மதில் ஓவியத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் பொதுக்குழுவுக்கு வந்து சொல்லுங்கள். வருவதற்கு முன் ஒருமுறை பாறையின் வடக்குப் பக்கம் போய் அந்த ஐந்து குழிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். புதர் அதிகம், காலில் செருப்பும் கையில் ஒரு குச்சியும் அவசியம்.